அரசுக்கு அறிவியல் ஆலோசனை: என்ன சொன்னார்கள் என்று நமக்கு ஏன் தெரிவதில்லை?

2021 மே 5. கொரோனா இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தது. நாள் ஒன்றுக்கு நான்கு லட்சத்தை ஒட்டிப் புதிய தொற்றுகள் பதிவாகின. ஆக்சிஜன் சிலிண்டருக்காக மக்கள் தெருத்தெருவாக அலைந்துகொண்டிருந்தார்கள். அன்று டெல்லியில் நடந்த செய்தியாளர் சந்திப்பில், மத்திய அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகர் கே. விஜயராகவன், மூன்றாம் அலையைத் தவிர்க்க முடியாது, அது எப்போது வரும் என்பதுதான் தெரியவில்லை என்றார். இரண்டே நாளில், மே 7 அன்று, அவரே வேறு மாதிரி சொன்னார்: வலுவான நடவடிக்கைகளை எடுத்தால் மூன்றாம் அலை எல்லா இடங்களிலும் வராமல் போகலாம், எங்குமே வராமலும் போகலாம்.

டிவி பார்த்துக்கொண்டிருந்தவர்கள் குழம்பிப்போனார்கள். எதை நம்புவது? நிதானமாகப் படித்தால் இரண்டு பேச்சுக்கும் பெரிய முரண்பாடு இல்லை. ஒன்று, இப்போதைய போக்கு தொடர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்கிறது. மற்றது, நாம் ஏதாவது செய்தால் என்ன ஆகலாம் என்று சொல்கிறது. விஞ்ஞானி ஒருவர் இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லக்கூடியவர்தான். நம்மிடம் இல்லாமல் போனது வேறொன்று: அந்தப் பேச்சுக்குப் பின்னால் இருந்த காகிதம். எந்தத் தரவை வைத்து அப்படிச் சொன்னார், அதை அரசிடம் எப்போது சொன்னார், எவ்வளவு உறுதியாகச் சொன்னார், அரசு அதில் எதை ஏற்றது, எதை ஒதுக்கியது? அதைப் பார்க்க வழி இருந்திருந்தால், ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு நாடே விவாதம் நடத்தியிருக்க வேண்டியதில்லை.

சரி, இந்தப் பதவி என்ன பதவி? அதில் இருப்பவர் என்ன செய்கிறார்?

அறிவியல் ஆலோசகர் என்று ஒருவரை அரசு நியமித்தால், அவர் தலையில் இரண்டு வேலைகள் விழுகின்றன. நாட்டில் அறிவியல் வளர அரசு என்ன செய்ய வேண்டும் என்று சொல்வது ஒன்று: எந்த ஆராய்ச்சிக்குப் பணம், எந்த நிறுவனத்தை எதோடு இணைப்பது, ஆய்வாளர்களுக்கு என்ன வசதி என்பதெல்லாம் அதில் அடங்கும். அரசு எடுக்கும் எந்த முடிவுக்கும் அறிவியல் என்ன சொல்கிறது என்று எடுத்துச் சொல்வது இன்னொன்று. ஒரு தடுப்பூசியை எந்த வயதினருக்கு முதலில் போடுவது, ஒரு அணையின் கீழ்ப்பகுதியில் வீடு கட்ட அனுமதிக்கலாமா, ஒரு பூச்சிக்கொல்லியைத் தடை செய்ய வேண்டுமா என்பவை இந்த இரண்டாவது வகை. முதல் வேலையைச் செய்கிறவருக்கு விஞ்ஞானிகள் மாலை போடுவார்கள். இரண்டாவது வேலையை ஒழுங்காகச் செய்கிறவருக்கு அமைச்சர்களிடம் கெட்ட பெயர்தான் கிடைக்கும். இந்தியாவில் இந்தப் பதவி பெரும்பாலும் முதல் வேலையின் பக்கமே சாய்ந்திருக்கிறது என்பது என் எண்ணம். அதற்கு ஒரு வரலாறு உண்டு.

சுதந்திரம் கிடைத்த கையோடு நேரு அறிவியல் ஆலோசனைக்கு ஆள் தேடினார். பிரிட்டிஷ் இயற்பியலாளர் பாட்ரிக் பிளாக்கெட் பாதுகாப்புத் துறைக்கு யோசனை சொன்னார், 1948இல் டி.எஸ். கோத்தாரி பாதுகாப்பு அமைச்சரின் அறிவியல் ஆலோசகர் ஆனார். 1956இல் அமைச்சரவைக்கென்றே ஓர் அறிவியல் ஆலோசனைக் குழு அமைந்தது. தலைவர் ஹோமி பாபா. அவரே அணுசக்தித் துறையின் செயலர், அணுசக்தி ஆணையத்தின் தலைவர். அதாவது அரசின் பணத்தை வாங்கி அறிவியலில் செலவு செய்கிறவரும், அந்தச் செலவு சரியா என்று அரசுக்குச் சொல்ல வேண்டியவரும் ஒருவரே. பாபாவின் நேர்மை மீதோ திறமை மீதோ யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த ஏற்பாடு ஒரு பழக்கமாகவே நின்றுவிட்டது. ஏவுகணைத் திட்டங்களை நடத்திய அப்துல் கலாம் 1992 முதல் 1999 வரை பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டி.ஆர்.டி.ஓ.வின் தலைவராகவும் பாதுகாப்பு அமைச்சரின் அறிவியல் ஆலோசகராகவும் ஒரே நேரத்தில் இருந்தார். தயாரிக்கிறவரே தரம் சொல்வது சரியா என்ற கேள்வி பல காலம் இருந்து, 2015இல்தான் அந்த இரண்டு பதவிகளுக்கும் தனித்தனி ஆள் போட்டார்கள்.

பாபாவுக்குப் பிறகு குழுக்கள் வந்தன, போயின. 1968இல் ஒன்று, 1971இல் சி. சுப்பிரமணியம் தலைமையில் ஒன்று, 1980களின் தொடக்கத்தில் எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையில் ஒன்று, 1986இல் ராஜீவ் காந்தி காலத்தில் சி.என்.ஆர். ராவ் தலைமையில் ஒன்று. பிரதமர் மாறினால் குழுவும் மாறும் அல்லது மறையும். நிலையான ஒரு பதவி 1999 நவம்பரில்தான் வந்தது. வாஜ்பாய் அரசு முதன்மை அறிவியல் ஆலோசகர் என்ற பதவியை உருவாக்கி, கேபினட் அமைச்சர் தகுதியோடு அதில் அப்துல் கலாமை அமர்த்தியது. இரண்டு ஆண்டுகளில் அவர் விலகி அண்ணா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகச் சேர்ந்தார். அதற்கடுத்த ஆண்டு குடியரசுத் தலைவர் ஆகிவிட்டார். ஆலோசகர் கலாமை இன்று யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை.

அவருக்குப் பின் வந்தவரும் தமிழர். சென்னையில் பிறந்து மாநிலக் கல்லூரியில் படித்த ஆர். சிதம்பரம், 1974, 1998 பொக்ரான் அணுகுண்டுச் சோதனைகள் இரண்டிலும் முக்கியப் பங்காற்றியவர். 2001 முதல் 2018 வரை, 16 ஆண்டுகளுக்கும் மேலாக அந்த நாற்காலியில் இருந்தார். வாஜ்பாய், மன்மோகன் சிங், மோடி என்று மூன்று பிரதமர்களைக் கண்ட ஒரே ஆலோசகர் அவர்தான். உலகில் வேறெங்கும் இப்படி ஒருவர் இவ்வளவு காலம் இருந்தது அபூர்வம். அவர் விட்டுச் சென்றவை கண்ணுக்குத் தெரிகிற வேலைகள். பல்கலைக்கழகங்களையும் ஆய்வகங்களையும் அதிவேக இணைப்பால் பிணைக்கும் தேசிய அறிவு வலையமைப்பு அவர் முன்னின்று தள்ளியது. 2010இல் அமைச்சரவை அதற்கு ஒப்புதல் தந்தது. கிராமங்களின் தேவைகளை ஐ.ஐ.டி.களிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் ருடாக் என்ற ஏற்பாடும் அவருடையதுதான், சென்னை ஐ.ஐ.டி.யிலும் அதற்கு ஒரு மையம் உண்டு. 2025 ஜனவரியில் அவர் காலமானபோது வந்த அஞ்சலிகள் எல்லாம் அணுகுண்டையும் இந்தத் திட்டங்களையும்தான் பேசின. ஒரு கொள்கை முடிவில் அரசுக்கு எதிராகவோ ஆதரவாகவோ அவர் என்ன ஆலோசனை சொன்னார் என்று யாராலும் எழுத முடியவில்லை. அவர் சொல்லாமல் இருந்திருக்க மாட்டார். வெளியே வரவில்லை, அவ்வளவுதான்.

2018இல் உயிரியலாளரான விஜயராகவன் வந்தார். பிரதமரின் அறிவியல், தொழில்நுட்ப, புத்தாக்க ஆலோசனைக் குழு அவர் தலைமையில் அமைந்தது. ஒன்பது பெரும் திட்டங்களை அது கையில் எடுத்தது: குவாண்டம், ஆழ்கடல் ஆய்வு, மின்வாகனம், பல்லுயிர், இந்திய மொழிகளுக்கிடையே கணினி மொழிபெயர்ப்பு என்று நல்ல பட்டியல். 2022 ஏப்ரலில் பெங்களூர் இயற்பியலாளர் அஜய் குமார் சூட் பொறுப்பேற்றார். ரூ.6,003.65 கோடியில் தேசிய குவாண்டம் திட்டம், ஆய்விதழ்களுக்கு நாடு முழுக்க ஒரே சந்தா என்ற ரூ.6,000 கோடித் திட்டம் இரண்டும் அவர் காலத்தில் அமைச்சரவையைத் தாண்டின. அந்த ஒரே சந்தாத் திட்டத்தை நான் மனமாரப் பாராட்டுகிறேன். மதுரையிலோ திருநெல்வேலியிலோ ஓர் அரசுக் கல்லூரியில் படிக்கும் ஆய்வு மாணவர், ஒரு கட்டுரையைப் படிக்கப் பெரிய ஊர் நிறுவனத்தில் இருக்கும் நண்பரிடம் கெஞ்ச வேண்டிய நிலை மாறினால் அது சாதாரண விஷயம் இல்லை.

ஆனாலும் இவை அனைத்தும் முதல் வகை வேலை. நாட்டின் மொத்த உற்பத்தியில் 0.64 சதவீதத்தை மட்டும் ஆராய்ச்சிக்குச் செலவிடும் ஒரு நாட்டில் அந்த வேலை தேவை என்பதை மறுக்க முடியாது. இரண்டாவது வேலையை யார் செய்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

அந்த இரண்டாவது வேலையைப் புரிந்துகொள்ளப் பிரிட்டனைப் பார்க்க வேண்டும். அங்கே எல்லாம் ஒழுங்காக நடந்தது என்பதற்காக இல்லை. மிக மோசமாகத் தவறி, அந்தத் தவறை எல்லோரும் பார்க்கும்படி விசாரித்து, அதிலிருந்து விதிகளை எழுதிக்கொண்ட நாடு அது.

பிரிட்டிஷ் அரசின் முதல் தலைமை அறிவியல் ஆலோசகராக சாலி ஜுக்கர்மன் 1964இல் அமர்ந்தார். பதவி இருந்தும் 1980களில் அங்கே ஒரு பெரும் விபரீதம் நடந்தது. 1986 நவம்பரில் மாடுகளுக்கு ஒரு புதிய மூளை நோய் வருவதைக் கால்நடை ஆய்வகம் கண்டுபிடித்தது. பித்துப்பிடித்த மாட்டு நோய் என்று பின்னாளில் ஊரெல்லாம் பேசப்பட்ட அது மனிதருக்கும் வருமா? அரசு அமைத்த சவுத்வுட் குழு 1989இல் அறிக்கை தந்தது. மனிதருக்கு வரும் வாய்ப்பு மிகக் குறைவு என்றது; கூடவே, எங்கள் கணிப்பு தவறாக இருந்தால் விளைவு மிக மிகக் கடுமையாக இருக்கும் என்றும் எழுதியது. அரசு முதல் பாதியை எடுத்துக்கொண்டது. இரண்டாம் பாதியை யாரும் மேடையில் சொல்லவில்லை. 1990 மே மாதம் வேளாண் அமைச்சர் ஜான் கம்மர், மாட்டிறைச்சிக்கு ஆபத்தில்லை என்று காட்டத் தன் நான்கு வயது மகளுக்குக் கேமராக்களுக்கு முன்னால் பர்கர் ஊட்ட முயன்றார்.

1996 மார்ச் 20 அன்று அரசு நாடாளுமன்றத்தில் உண்மையை ஒப்புக்கொண்டது. இளம் வயதினர் பத்துப் பேருக்குப் புதுவகை மூளைச் சிதைவு நோய் வந்திருந்தது. பாதிக்கப்பட்ட மாட்டிறைச்சிதான் காரணமாக இருக்கக்கூடும் என்றார்கள். இதுவரை பிரிட்டனில் அந்த நோயால் இறந்தவர்கள் 178 பேர். லட்சக்கணக்கான மாடுகளைக் கொன்று எரித்தார்கள். ஐரோப்பா பிரிட்டிஷ் மாட்டிறைச்சியைத் தடை செய்தது. நீதிபதி பிலிப்ஸ் தலைமையிலான விசாரணை 2000 அக்டோபரில் 16 தொகுதிகளாக வெளிவந்தது. அரசு பொய் சொல்லவில்லை, ஆபத்து சிறியது என்று அது உண்மையிலேயே நம்பியது என்றது அந்த விசாரணை. அரசின் கவலையெல்லாம் மக்கள் பயந்துவிடக் கூடாதே என்பதில் இருந்தது. அதனால், தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் துணிவு அதற்கு இல்லாமல் போனது.

அந்த அனுபவம் சும்மா போகவில்லை. அப்போது தலைமை ஆலோசகராக இருந்த ராபர்ட் மே 1997இல் அறிவியல் ஆலோசனைக்கான விதிகளை எழுதினார். பிரச்சினையை முன்கூட்டியே கண்டுகொள்ள வேண்டும். பல துறை நிபுணர்களையும் மாற்றுக் கருத்துள்ளவர்களையும் கேட்க வேண்டும். நிச்சயமில்லாததை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆலோசனையை வெளியிட வேண்டும். இவ்வளவுதான் சாரம். இன்று பிரிட்டனில் ஒவ்வொரு பெரிய அமைச்சகத்துக்கும் தனித்தனி தலைமை அறிவியல் ஆலோசகர் இருக்கிறார். அவர்கள் அனைவரையும் ஒருங்கிணைப்பது அரசின் தலைமை ஆலோசகரின் வேலை.

விதி எழுதிவிட்டால் சண்டை ஓய்ந்துவிடுமா? 2009 அக்டோபரில் போதைப்பொருள் ஆலோசனைக் குழுவின் தலைவர் டேவிட் நட், மதுவும் புகையிலையும் கஞ்சாவை விட அதிகத் தீங்கு செய்பவை என்று பொதுவெளியில் பேசியதற்காக உள்துறை அமைச்சர் ஆலன் ஜான்சன் அவரைப் பதவி விலகச் சொன்னார். ஆலோசகராகவும் இருந்துகொண்டு அரசின் கொள்கைக்கு எதிராகப் பிரசாரமும் செய்ய முடியாது என்பது அமைச்சரின் வாதம். நட் சொன்னதோ ஆராய்ச்சி முடிவு. குழுவின் உறுப்பினர்கள் சிலர் அடுத்தடுத்து விலகினார்கள். அடுத்த ஆண்டு அரசு இன்னொரு விதித்தொகுப்பை வெளியிட வேண்டி வந்தது: ஆலோசகருக்குக் கல்விச் சுதந்திரம் உண்டு, அரசு ஆலோசனையை ஏற்காவிட்டால் காரணத்தைச் சொல்ல வேண்டும். முடிவெடுக்கும் உரிமை அமைச்சருக்கே. ஆனால் எதைத் தள்ளிவிட்டு முடிவெடுத்தார் என்று ஊருக்குத் தெரிய வேண்டும். எனக்கு இது மிக நியாயமான ஏற்பாடாகத் தோன்றுகிறது.

கொரோனா காலத்தில் அதே பிரிட்டன் மறுபடியும் வழுக்கியது. சேஜ் என்ற அவசரகால அறிவியல் குழு ஆலோசனை சொல்லிக்கொண்டிருந்தது. அதில் யார் யார் இருக்கிறார்கள் என்பதே முதலில் ரகசியம். அறிவியல் சொல்வதைத்தான் பின்பற்றுகிறோம் என்று அமைச்சர்கள் தினமும் சொன்னார்கள். அறிவியல் என்ன சொன்னது என்று மட்டும் யாருக்கும் தெரியாது. முன்னாள் தலைமை ஆலோசகர் டேவிட் கிங் பொறுக்க முடியாமல் 2020 மே மாதம் தனியாக ஒரு குழுவைக் கூட்டி, அதன் கூட்டங்களை நேரலையாக நடத்தினார். அந்த நெருக்கடியில்தான் சேஜ் உறுப்பினர் பட்டியலும் கூட்டக் குறிப்புகளும் வரிசையாக வெளிவரத் தொடங்கின. குறிப்புகள் வெளியே இருந்ததால்தான் பின்னர் நடந்த கொரோனா பொது விசாரணையில் கேள்வி கேட்க முடிந்தது. 2020 ஆகஸ்டில் உணவகங்களுக்குப் போய்ச் சாப்பிட அரசு சலுகை விலை கொடுத்த திட்டத்தைப் பற்றி அறிவியல் ஆலோசகர்களிடம் முன்கூட்டியே கேட்கவே இல்லை என்று அன்றைய தலைமை ஆலோசகர் பேட்ரிக் வாலன்ஸ் 2023இல் சாட்சியம் சொன்னார். அறிவியலைப் பின்பற்றுகிறோம் என்ற பேச்சு எந்த இடத்தில் பொய்யானது என்று மக்களால் தேதி போட்டுக் காட்ட முடிந்தது.

விசாரணை ஆலோசகர்களையும் விட்டுவைக்கவில்லை. எல்லோரும் ஒரே மாதிரி யோசிக்கும் வட்டத்துக்குள் சிக்கியிருந்தார்கள் என்று 2024 ஜூலையில் வந்த அதன் முதல் அறிக்கை குறை சொன்னது. நிபுணர்கள் தவறமாட்டார்கள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அவர்கள் சொன்னது வெளியே இருந்தால் அவர்களின் தவறும் பிடிபடும்.

அமெரிக்காவின் கதை வேறு விதம். 1957இல் ரஷ்யா ஸ்புட்னிக் செயற்கைக்கோளை ஏவியதும் பதறிப்போன ஐசனோவர், எம்.ஐ.டி. தலைவர் ஜேம்ஸ் கில்லியனைத் தன் ஆலோசகராக வெள்ளை மாளிகைக்கு அழைத்துக்கொண்டார். விஞ்ஞானிகளின் ஆலோசனைக் குழு ஒன்றும் அவரோடு இயங்கியது. நிக்சன் காலத்தில் ஒலியை விட வேகமான பயணிகள் விமானத்தை அரசுப் பணத்தில் உருவாக்கும் திட்டம் வந்தபோது, அந்தக் குழுவைச் சேர்ந்த ரிச்சர்ட் கார்வின் நாடாளுமன்றத்தில் அதற்கு எதிராகச் சாட்சியம் சொன்னார். திட்டம் 1971இல் கைவிடப்பட்டது. நிக்சன் அதை மறக்கவில்லை. 1973இல் குழுவையும் ஆலோசகர் பதவியையும் சேர்த்தே ஒழித்துவிட்டார். 1976இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டுத்தான் வெள்ளை மாளிகைக்குள் அறிவியல் அலுவலகத்தைத் திரும்பக் கொண்டுவந்தது. கனடாவில் 2004இல் உருவான பதவியை 2008இல் மூடினார்கள், 2017இல் வேறு பெயரில் திறந்தார்கள். ஐரோப்பிய ஆணையத்தின் முதல் தலைமை அறிவியல் ஆலோசகர் ஆன் குளோவர் மரபணு மாற்றுப் பயிர்கள் பற்றிச் சொன்னது பலருக்குப் பிடிக்காமல் போனது. 2014இல் புதிய தலைமை வந்ததும் அந்தப் பதவியே இல்லாமல் போனது. சட்டத்தின் துணை இல்லாத ஆலோசகர் பதவி ஆட்சியாளரின் மனநிலையைப் பொறுத்தே நிற்கிறது.

இந்த நாடுகளின் கதைகளில் என் மனதுக்கு நெருக்கமானது நியூசிலாந்துதான். அங்கே நடந்தது சின்ன விஷயம், ஆனால் ஏழைகளின் வீட்டு வாசலில் நடந்தது.

மெத் என்ற போதைப்பொருளை யாராவது புகைத்திருந்த வீட்டின் சுவர்களில் அதன் தடயம் தங்கும், அது அடுத்துக் குடிவருபவருக்கு ஆபத்து என்ற அச்சம் அந்த நாட்டில் பரவியது. வீடுகளைச் சோதிப்பதும் சுத்தம் செய்வதும் நல்ல வியாபாரம் ஆகிவிட்டது. அரசு வீட்டு வாரியம் தன் குடியிருப்புகளைச் சோதித்து, தடயம் கிடைத்த வீடுகளில் இருந்தவர்களை வெளியேற்றியது. நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வாடகை வீட்டை இழந்தன. அவர்கள்தான் புகைத்தார்கள் என்பதற்குப் பல நேரம் ஆதாரமே கிடையாது. வாரியம் இதற்காக 10 கோடி நியூசிலாந்து டாலர் வரை செலவழித்தது. பிரதமரின் தலைமை அறிவியல் ஆலோசகராக 2009 முதல் இருந்த குழந்தை மருத்துவர் பீட்டர் குளுக்மன் 2018 மே மாதம் ஓர் அறிக்கை தந்தார். அவரும் உடனிருந்தவர்களும் உலகில் கிடைத்த ஆய்வுகளைத் தேடிப் படித்திருந்தார்கள். புகைத்ததால் மட்டும் சுவரில் படியும் அந்த அளவுத் தடயத்தால் யாருக்கும் நோய் வந்ததாக ஆதாரம் இல்லை என்றது அறிக்கை. மெத் தயாரித்த இடங்களுக்காக வகுத்த கடுமையான அளவுகோலை, யாரோ எப்போதோ புகைத்த வீடுகளுக்கும் போட்டுவிட்டார்கள். 100 சதுர சென்டிமீட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் கவலைப்பட வேண்டியதில்லை என்று எழுதினார். அதற்கு முன் நடைமுறையில் இருந்த எல்லை அதில் பத்தில் ஒரு பங்குதான்.

அதே ஆண்டு செப்டம்பரில் வாரியம் மன்னிப்புக் கேட்டது. வெளியேற்றியவர்களுக்கு இழப்பீடு தருவதாகவும் அறிவித்தது. அந்த அறிக்கைக்குப் புதிய ஆராய்ச்சி எதுவும் தேவைப்படவில்லை. ஏற்கெனவே உலகுக்குத் தெரிந்திருந்ததை ஒருவர் உட்கார்ந்து படித்து, தெளிவான மொழியில் எழுதி, எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டார், அவ்வளவுதான். ஆலோசகர் பதவி எதற்கு என்று யாராவது கேட்டால் நான் இந்த அறிக்கையைத்தான் காட்டுவேன். அதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். போதைப்பொருளை ஒழிக்க வேண்டுமா, வாடகைதாரரை எப்படி நடத்த வேண்டும் என்றெல்லாம் குளுக்மன் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆதாரம் எதுவரை போகிறது, எங்கே நிற்கிறது என்று காட்டிவிட்டு நகர்ந்துகொண்டார். மிச்சத்தை அரசியல்வாதிகள் தீர்மானித்தார்கள். அது அவர்களின் வேலை. அதற்குத்தான் மக்கள் ஓட்டுப் போட்டிருக்கிறார்கள்.

இங்கே திரும்பி வருவோம். இந்தியாவில் நிபுணர்களுக்குப் பஞ்சம் இல்லை, அறிக்கைகளுக்கும் பஞ்சம் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையைப் பற்றி சூழலியலாளர் மாதவ் காட்கில் தலைமையிலான குழு 2011 ஆகஸ்டில் அறிக்கை கொடுத்தது. நீலகிரி, கொடைக்கானல் உட்பட மலைத்தொடர் முழுவதையும் பகுதி பகுதியாகப் பிரித்து, எங்கே குவாரி கூடாது, எங்கே கட்டடம் கூடாது என்று அது சொன்னது. சுற்றுச்சூழல் அமைச்சகம் அதை வெளியிடாமல் வைத்துக்கொண்டது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒருவர் கேட்டார், மறுத்தார்கள். மத்திய தகவல் ஆணையம் கொடுக்கச் சொன்னது. அமைச்சகம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. நீதிமன்றமும் கொடுக்கத்தான் சொன்னது. 2012 மே மாதம்தான் அறிக்கை மக்கள் கண்ணில் பட்டது. மக்கள் பணத்தில், மக்கள் வாழும் மலையைப் பற்றி, விஞ்ஞானிகள் எழுதியதைப் படிக்க ஒரு குடிமகன் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது! இடைப்பட்ட காலத்தில் வதந்திகள் பரவின. அறிக்கை வந்தால் விவசாயிகளை மலையிலிருந்து விரட்டிவிடுவார்கள் என்று கேரளத்தில் பயம் கிளப்பினார்கள். முதல் நாளே மலையாளத்திலும் தமிழிலும் கன்னடத்திலும் மராத்தியிலும் அதை அச்சிட்டுக் கொடுத்து, ஊர் ஊராக உட்கார்ந்து பேசியிருந்தால், ஏற்பதா வேண்டாமா என்று மக்களே நேர்மையாக விவாதித்திருப்பார்கள். 2024 ஜூலையில் வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணோடு புதைந்தபோது எல்லோரும் அந்தப் பழைய அறிக்கையைத் தூசி தட்டினார்கள்.

வெளியிட்டால் ஆலோசனையின் தரமும் கூடும் என்பதற்கும் நம் நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. மரபணு மாற்றிய பி.டி. கத்தரிக்காய்க்கு 2010 பிப்ரவரியில் அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் தடை போட்ட பிறகு, நாட்டின் ஆறு அறிவியல் அகாடமிகளும் சேர்ந்து மரபணு மாற்றுப் பயிர்கள் பற்றி ஓர் அறிக்கை தந்தன. வெளியே வந்ததும் பத்திரிகையாளர்களும் ஆய்வாளர்களும் வரி வரியாகப் பார்த்தார்கள். சில பகுதிகள் வேறொரு கட்டுரையிலிருந்து அப்படியே எடுக்கப்பட்டவை என்று தெரிந்தது. அகாடமிகள் அறிக்கையைத் திருத்தி மீண்டும் தர வேண்டியிருந்தது. ரகசியக் கோப்பாக இருந்திருந்தால் அந்தப் பழைய அறிக்கையே நாட்டின் உச்ச அறிவியல் கருத்தாக இன்றும் நின்றிருக்கும்.

கூடங்குளத்திலும் இதே சிக்கல்தான், கொஞ்சம் வேறு வடிவில். 2011இல் ஃபுகுஷிமா விபத்துக்குப் பிறகு இடிந்தகரை மக்கள் போராடியபோது மத்திய அரசு 15 பேர் கொண்ட நிபுணர் குழுவை அனுப்பியது. தமிழக அரசு அணுசக்தி ஆணையத்தின் முன்னாள் தலைவர் எம்.ஆர். சீனிவாசன் இடம்பெற்ற ஒரு குழுவை அமைத்தது. 2011 நவம்பரில் அப்துல் கலாமும் உலையைப் பார்வையிட்டு, பாதுகாப்பானது என்றார். இவர்களின் அறிவை மீனவர்கள் சந்தேகிக்கவில்லை. அணு உலையைக் கட்டிய குடும்பத்திலிருந்தே நீதிபதி வருகிறாரே என்றுதான் கேட்டார்கள். அந்தக் கேள்வியை அறியாமை என்று தள்ளியது தவறு. சார்பில்லாத ஓர் ஆலோசகர், கடல்நீர் வெப்பம், மீன்வளம், கழிவு, அவசரகால வெளியேற்றம் என்று மக்கள் கேட்ட ஒவ்வொன்றுக்கும் தெரிந்தது இவ்வளவு, தெரியாதது இவ்வளவு என்று தமிழில் எழுதிக் கொடுத்திருந்தால் போராட்டம் நின்றிருக்குமா என்று சொல்ல முடியாது. பேச்சு வேறு தளத்துக்குப் போயிருக்கும்.

ஆலோசனையைக் கேட்காமலே முடிவெடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கை இருக்கிறது. 2021 மே மாதம் கோத்தபய ராஜபக்ச அரசு ரசாயன உர இறக்குமதிக்கு ஒரே நாளில் தடை போட்டது. இயற்கை விவசாயத்துக்கு மாறுவது நல்ல இலக்காக இருக்கலாம். ஆனால் ஒரு போகத்துக்குள் மாற முடியாது என்று அந்த நாட்டு வேளாண் விஞ்ஞானிகள் எச்சரித்தார்கள். கேட்க ஆளில்லை. வடக்கு, கிழக்கு உட்பட நாடெங்கும் நெல் விளைச்சல் சரிந்தது, தேயிலையும் அடி வாங்கியது. நவம்பரில் அரசு பின்வாங்கியபோது அடுத்த போகத்துக்கும் காலம் கடந்திருந்தது.

இந்திய ஆலோசகர் அலுவலகத்துக்கு என்ன மாற்றம் தேவை? பெரிய அதிகாரம் எதுவும் வேண்டாம் என்பேன். அவரிடம் திட்டங்களையும் நிதியையும் குவிக்கக் குவிக்க, அவர் இன்னொரு துறைச் செயலர் ஆகிவிடுகிறார். தன் திட்டத்தைக் காப்பாற்ற வேண்டிய கட்டாயம் வந்துவிட்டால் கசப்பான உண்மையைச் சொல்வது கடினம். அதற்குப் பதில் பதவிக்குச் சட்டத்தின் பாதுகாப்பு கொடுக்கலாம். வேளாண்மை, சுகாதாரம், நீர்வளம், சுற்றுச்சூழல் அமைச்சகங்களில் அவரோடு இணைந்து இயங்கும் ஆலோசகர்களை அமர்த்தலாம். ராணுவ ரகசியங்களை விட்டுவிடுவோம். மற்ற ஆலோசனைகளை, முடிவெடுத்த பிறகாவது, குறிப்பிட்ட கெடுவுக்குள் வெளியிட வேண்டும் என்று விதி வகுக்கலாம். மூடிய அறையில் மனம்விட்டுப் பேச விஞ்ஞானிகளுக்கு இடம் வேண்டாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டும்தான். யார் என்ன பேசினார் என்பதை வெளியிடத் தேவையில்லை. குழு எந்த ஆதாரத்தில் எந்த முடிவுக்கு வந்தது என்பது போதும்.

தரவும் வெளியே வர வேண்டும். 2021 ஏப்ரல் இறுதியில் நூற்றுக்கணக்கான இந்திய விஞ்ஞானிகள் பிரதமருக்குக் கடிதம் எழுதினார்கள்: இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலிடம் உள்ள கொரோனா பரிசோதனைத் தரவை எங்களுக்குத் திறந்துவிடுங்கள், தொற்று எங்கே போகிறது என்று கணிக்க உதவுகிறோம் என்று. ஓராண்டுக்கு மேல் பெருந்தொற்றில் இருந்த ஒரு நாட்டில் அதன் சொந்த விஞ்ஞானிகள் தரவுக்காகக் கையெழுத்து இயக்கம் நடத்தினார்கள். தரவைப் பெற வழிசெய்வதாக விஜயராகவன் உடனே பதில் அறிக்கை விட்டார், அது நல்லது. ஆனால் அடுத்த மாதமே, வைரஸின் மரபணு மாற்றங்களைக் கண்காணித்த கூட்டமைப்பின் ஆலோசனைக் குழுத் தலைவர் பதவியிலிருந்து வைராலஜிஸ்ட் ஷாஹித் ஜமீல் விலகினார்.

மாநிலங்களிலும் இதைத் தொடங்கலாம். சுகாதாரம், விவசாயம், தண்ணீர் எல்லாம் மாநிலத்தின் கையில்தான் பெரும்பாலும் இருக்கின்றன. தமிழ்நாட்டில் 1984 முதல் மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் இயங்குகிறது. பல்கலைக்கழகங்களுக்கும் ஆய்வு நிறுவனங்களுக்கும் குறைவில்லை. சென்னை வெள்ளமோ டெல்டாவில் கடல்நீர் உள்ளே வருவதோ, அடுத்த முறை ஒரு நிபுணர் குழு அறிக்கை கொடுக்கும் அன்றே அதைத் தமிழில் இணையத்தில் ஏற்றிவிடலாம். அதற்கு டெல்லியின் அனுமதி தேவையில்லை, ஓர் அரசாணை போதும்.